பனிக்கட்டிக்கு அஞ்சிய கருமுட்டை

மனித உடலின் உயிரணுக்களுள் மிகப் பெரியது கருமுட்டை. மிகச் சிறியவற்றுள் ஒன்று விந்தணு. உறைந்த விந்தணுவால் கருவுறுதல் நிகழ்ந்ததை அமெரிக்காவின் அயோவாவில் பங்கி, ஷெர்மன் ஆகிய இருவரும் 1953-லேயே அறிவித்தனர். உறைந்த முட்டையிலிருந்து கரு வளர்ந்த செய்திக்கோ உலகம் மேலும் முப்பத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்தது. ஏன் இத்தனை தாமதம் என்று வினவினால், விடை தண்ணீரில் இருப்பதைக் காண்கிறோம்.

முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதனுள் நிறைந்த நீர் பனிக்கட்டியாகும்போது கூரிய படிகங்களாகி உள்ளிருந்தே அணுவைக் கிழித்துவிடும். குரோமோசோம்களைத் தாங்கி நிற்கும் நுண்ணிழைகளோ கடுங்குளிர் பட்டாலே கலையும் இயல்பின.

1949-ல் இலண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும், கிளிசரால் கலந்தால் சேவலின் விந்தணு உறைந்தும் பிழைப்பதைக் கண்டனர். ஆயினும் சிற்றணுவைக் காத்த அவ்வழி பேரணுவுக்கு எளிதில் பயன்படவில்லை.

1986-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மருத்துவர் கிறிஸ்டோபர் சென், மெல்ல மெல்லக் குளிர்வித்து உறையவைத்த முட்டைகளால் இரட்டைக் கரு உருவானதை அறிவித்தார். எனினும் பிழைத்த முட்டைகள் மிகச் சில. குரோமோசோம்கள் சிதைந்திருக்குமோ என்ற அச்சமும் ஆய்வைத் தளரச் செய்தது. உறைந்த முட்டையின் மேலுறை இறுகிவிடுவதால் விந்தணு நுழைய இயலாமையும் ஒரு தடை. 1997-ல் இத்தாலியின் பொலோன்யாவில் எலியோனோரா போர்க்குவின் குழுவினர் ஊசியால் விந்தணுவை முட்டைக்குள் செலுத்தி அத்தடையைக் கடந்தனர். 2004-ல் அந்நாட்டுச் சட்டம் கருவை உறையவைப்பதைப் பெரிதும் தடுத்தது; கருவைக் காக்க எழுந்த சட்டமே முட்டை ஆய்வுக்கு உரமாயிற்று.

இறுதி வெற்றி, பனிக்கட்டியே தோன்றாமற் செய்ததில்தான் கிட்டியது. அடர்ந்த காப்புக் கரைசலில் முட்டையை நனைத்து, −196 பாகை திரவ நைட்ரஜனில் நொடியில் அமிழ்த்தினால், நீர் படிகமாக அவகாசமின்றிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். 1985-ல் ராலும் ஃபாஹியும் எலிக்கருவில் காட்டிய இவ்வழியை, 2005-ல் ஜப்பானின் குவயாமா மெல்லிய பட்டை ஒன்றின்மேல் நுண்துளியாக வைக்கும் முறையால் மனித முட்டைக்குச் செம்மைப்படுத்தினார். 2012-ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இம்முறை வெறும் சோதனை அன்று என அறிவித்தது.

புற்றுநோய் மருந்தால் சூலகம் பழுதுறக்கூடிய இளம்பெண்ணுக்கு இஃது அரிய நம்பிக்கை. ஆனால் நம்பிக்கை வேறு, உறுதிமொழி வேறு. முப்பத்தெட்டு வயதில் எடுத்த முட்டை எத்தனை ஆண்டு கழித்தும் முப்பத்தெட்டு வயது முட்டையே. உருகும்போது சில அழியும், கருவுற்றவற்றுள்ளும் எல்லாம் குழந்தையாவதில்லை. குளிர் காலத்தை நிறுத்துமேயன்றித் திருப்பாது. இவ்வுண்மையைச் சொல்லாமல் விற்கப்படும் நம்பிக்கையை நாம் ஐயுறவே வேண்டும்.