இரண்டு கண்ணாடிக் குடுவைகளும் ஒரு வீடும்

உள்ளுறை வெப்பம்! பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் அதை முதலில் அளந்தவர் எப்படி அளந்தார் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. அந்தக் கதையைப் பார்ப்போமா?

1761 டிசம்பர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜோசப் பிளாக் ஒரே மாதிரியான இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகளை ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். ஒன்றில் பனிக்கட்டி. மற்றதில் உறைநிலையை ஒட்டிய, 33 டிகிரி பாரன்ஹீட் தண்ணீர். தண்ணீர் 40 டிகிரியைத் தொட அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரிக்கு வர பத்தரை மணி நேரம் ஆனது!

ஒரே அறை, ஒரே குடுவை. ஆகவே இரண்டுக்குள்ளும் வெப்பம் ஒரே வேகத்தில்தான் போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அரை மணிக்கு 7 டிகிரி என்றால் 21 அரை மணிகளுக்கு 147 டிகிரி. அதில் 8 டிகிரி, உருகிய நீரைச் சூடாக்கப் போனது. மீதி 139 டிகிரிக்கான வெப்பம் வெப்பமானியில் தெரியாமல் உருகுவதற்கே செலவாகிவிட்டது. இன்றைய கணக்கில் அது கிராமுக்குச் சுமார் 77 கலோரி. சரியான மதிப்பு 80. ஒரு கடிகாரமும் வெப்பமானியும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கிவிட்டார் மனிதர்!

இந்த 'மறைந்த' வெப்பத்தைச் சேமித்து வீட்டைச் சூடாக்கினால் என்ன? 1948-இல் அமெரிக்காவின் டோவர் நகரில் அதைச் செய்து பார்த்தார் ஹங்கேரியில் பிறந்த மரியா டெல்கெஸ். வீட்டை வடிவமைத்தவர் எலினார் ரேமண்ட், பணம் கொடுத்தவர் சிற்பி அமீலியா பீபடி. மூவரும் பெண்கள்! சுமார் 32 டிகிரி செல்சியஸில் உருகும் கிளாபர் உப்பு, பகலில் வெயிலை வாங்கி உருகும். இரவில் உறைந்து வெப்பத்தைத் திருப்பித் தரும்.

இரண்டு குளிர்காலம் ஓடியது. மூன்றாவதில் கைவிட்டுவிட்டது. திரும்பத் திரும்ப உருகி உறைந்ததில் உப்பு பிரிந்து அடியில் படிந்தது, திரவம் மேலே நின்றது. முன்போல் முழுதாக உறையவில்லை. உறையாவிட்டால் வெப்பம் ஏது?

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இன்றைய நுட்பமான கலோரிமானிகள் சில மில்லிகிராம் பொருளைத்தான் அளக்கின்றன. அவ்வளவு சிறிய துளியில் உப்பு அடியில் படிவதற்கு இடமே இல்லை! பீப்பாயில் வரும் சிக்கல் துளியில் தெரியாது.

அதனால்தான் 1999-இல் சீனாவின் ஜாங் யின்பிங் குழுவினர் வேறு வழியைச் சொன்னார்கள். ஒரு சோதனைக்குழாயில் பொருள், இன்னொன்றில் தண்ணீர். இரண்டையும் சூடாக்கி, ஒரே காற்றில் ஆறவிட்டு, வெப்பநிலை இறங்கும் விதத்தை ஒப்பிட வேண்டும். பிளாக்கின் அதே இரண்டு குடுவைகள்தான், திசை மட்டும் மாறியிருக்கிறது!

அடுத்த முறை ஆய்வகத்தில் பனிக்கட்டி உருகும்வரை காத்திருக்க அலுப்பாக இருந்தால், பத்தரை மணி நேரம் காத்திருந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.