அன்னையின் மன்றாட்டு

வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் கி.பி. 354இல் பிறந்த அகஸ்டின், 16ஆம் வயதில் தோழரோடு கூடி அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார், பசியினால் அன்று. இறைவனின் சட்டம் மனித நெஞ்சிலேயே எழுதப்பட்டுள்ளது, திருடனும் தன் பொருள் களவுபோகப் பொறுக்கமாட்டான் என்று பின்னாளில் அவரே தம் வரலாற்றில் எழுதினார்.

நெஞ்சம் அறிந்ததை வாழ்வு ஏற்கவில்லை. அன்னை மோனிக்கா பல்லாண்டுகள் கண்ணீரோடு மன்றாடினார். மகன் ரோமுக்குச் செல்லலாகாது என வேண்டினார்; 383இல் அவரோ தாயை ஏமாற்றிக் கப்பலேறினார். அப்பயணமே அவரை மிலான் நகரில் ஆயர் அம்புரோசிடம் சேர்த்தது. 387இல் திருமுழுக்குப் பெற்றார்; அவ்வாண்டே அன்னை மறைந்தார்.

மாணவ நண்பர்களே, அன்று கேட்டது கிடைக்கவில்லை. என்றும் கேட்டது கிடைத்தது. அறத்தை அறிதல் எளிது. அதன்வழி நிற்கவே இடைவிடா வேண்டுதல் தேவை என இவ்வரலாறு உணர்த்துவதாக நான் கருதுகிறேன்.