வரவு இடாப்பு சொல்லும் வரலாறு

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் பெயர்களும், கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும், பரீட்சைப் பெறுபேறுகளும் தவறாமல் இடம்பெறும். வகுப்பு வரவு இடாப்பைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆயினும் எங்கள் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்த கதை நாளுக்கு நாள் எழுதப்பட்டது அதிலேதான். ஒரு பிள்ளையைப் பாடசாலையிற் சேர்ப்பது ஒரு நாள் வேலை. ஆண்டு முழுவதும், மணி அடிக்கும்போது அவள் தன் வாங்கில் இருக்கும்படி செய்வது பலர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை யாழ்ப்பாணத்தில் எப்படி நடந்தது என்பதை இம்மலரில் நினைவுகூர விரும்புகின்றேன்.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் கிராமங்கள்தோறும் பள்ளிகளைத் திறந்தனர். ஆண்பிள்ளைகள் வந்தனர். பெண்பிள்ளைகளைக் கூட்டிவருவது கடினமாயிருந்தது. வீட்டு வேலை, தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு, சிறுவயதுத் திருமணம் எல்லாம் குறுக்கே நின்றன. பெரியபிள்ளையானவுடன் படிப்பு நின்றுவிடும். 1824 இல் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, உணவும் உடையும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. படிப்பை முடித்து மணம் செய்யும் மாணவியருக்கு மிஷன் சீதனமும் வழங்கியது. மதம் மாற்றும் நோக்கம் அதனுள் இருந்தது உண்மை. ஆனால், பிள்ளை படிக்க வருவதால் குடும்பத்துக்கு ஏற்படும் செலவை யாராவது பொறுப்பேற்காவிட்டால் அவள் தொடர்ந்து வரமாட்டாள் என்பதை அவர்கள் அன்றே விளங்கிக்கொண்டிருந்தனர்.

அரசாங்கம் வேறு வழியில் முயன்றது. 1869 இல் பொதுப் போதனாத் திணைக்களம் நிறுவப்பட்டபின், உதவி பெறும் பாடசாலைகளின் மானியம் மாணவர் வரவையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பொறுத்ததாயிற்று. இடாப்பு கணக்குப் புத்தகமாக மாறியது. 1906 ஆம் ஆண்டின் நகரப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் பிள்ளைகளை அனுப்புவதைப் பெற்றோரின் கடமையாக்கின. அனுப்பாதவர்களுக்குத் தண்டம் விதிக்கவும் இடமிருந்தது. ஆனால் கட்டாய வருகைக்கான வயதெல்லை தமிழ், முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் குறைவாக வைக்கப்பட்டது. சமூக வழக்கத்துக்கு இடங்கொடுத்தே அப்படிச் செய்தார்கள். பிள்ளை பருவமடையும் வயதை நெருங்கும்போது சட்டமும் அவளைக் கைவிட்டது.

அந்த இடைவெளியை நிரப்பியவை பெண்களுக்கென்றே எழுந்த பாடசாலைகள். 1896 இல் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி தொடங்கியது. 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்காக விடுதியோடு ஒரு கல்லூரியை அமைத்தார். சுற்றுமதிலும், பெண் ஆசிரியைகளும், சொந்தச் சமய வழிபாடும் இருந்ததால், வயது வந்த மகளை அங்கு அனுப்பப் பெற்றோர் துணிந்தனர். நூறு ஆண்டுகளுக்கு முன் எமது கல்லூரியைத் தொடங்கியவர்களும் இந்த நம்பிக்கையையே ஊராருக்குக் கொடுத்தார்கள்.

பெரிய மாற்றம் 1945 இல் வந்தது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. “ஆண்பிள்ளை படிக்கட்டும், பெட்டைக்கு எதற்கு?” என்ற வீட்டுக் கணக்கு அதன்பின் மெல்ல மெல்ல மாறியது. பாடசாலையில் பால், பணிஸ், விசுக்கோத்து வாங்கிச் சாப்பிட்ட காலத்தை மூத்த அக்காமார் மறந்திருக்க மாட்டார்கள். 1980 இல் பாடநூல்களும் 1993 இல் சீருடைத் துணியும் இலவசமாக வந்தன. ஒவ்வொன்றும் பிள்ளை வீட்டில் நிற்பதற்கான ஒரு காரணத்தை அகற்றியது. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம் படிக்கின்றனர்.

பின்னர் யுத்தம் வந்தது. 1990 முதல் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத யாழ்ப்பாணத்தில், குப்பி விளக்கில் படித்துவிட்டுக் காலையில் துவிச்சக்கர வண்டியில் வந்தோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் இருந்த பாடசாலைகள் தம் கட்டடங்களை இடம்பெயர்ந்த பாடசாலைகளோடு பகிர்ந்துகொண்டன. காலையில் ஒரு பாடசாலை, மாலையில் இன்னொன்று. மரநிழலிலும் பெயர் கூப்பிட்டார்கள். பதில் வராத பெயர்கள் பல இருந்தன. வன்னிக்குப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், கடல் கடந்தவர்கள், என்றுமே திரும்பாதவர்கள். இம்மலரை இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாசிப்பவர்களில் பலரின் பெயர்கள் அந்த நாட்களில்தான் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டன.

1997 இல் 5 முதல் 14 வயது வரை கட்டாய வருகைக்கான ஒழுங்குவிதிகள் வெளியாகின. 2016 இல் அந்த எல்லை 16 வயதாக உயர்ந்தது. இம்முறை பெண்பிள்ளைக்கென்று குறைந்த வயது இல்லை. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டப்பட்ட பாடசாலைகள் இரண்டு ஆண்டுகளாகத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தன. 2022 இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் பூட்டப்பட்டன. வராமல் இருந்து பழகிய பிள்ளையைத் திரும்ப அழைப்பது, புதிதாகச் சேர்ப்பதைவிடக் கடினம்.

வைத்தியராக நான் காணும் பிள்ளைகளிடம் “எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை?” என்று கேட்பது வழக்கம். பதிலில் நோயின் பாதி தெரிந்துவிடும். இரும்புச்சத்துக் குறைந்து சோர்ந்த பிள்ளை, இரவில் இழுப்பு வந்து நித்திரையில்லாத பிள்ளை, மாதவிடாய் நாட்களில் வலி தாங்காமல் வீட்டில் நிற்கும் பிள்ளை. மலசலகூடம் சுத்தமில்லை என்று நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலிருந்து சிறுநீர்த் தொற்றோடு வருபவளும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை எளிதில் தீர்க்கக்கூடியவை. 2024 இல் பின்தங்கிய பாடசாலைகளின் மாணவியருக்கு அணையாடை வாங்க அரசாங்கம் வவுச்சர் கொடுத்ததும், இது வரவோடு சம்பந்தப்பட்ட விடயம் என்பதால்தான்.

பிந்தி வருபவளின் கதையும் இதுபோன்றதே. சீசன் ரிக்கற் பிள்ளைகளைக் கண்டால் நிற்காத பஸ், வேலைக்குப் போகும் தாய்க்குப் பதிலாகத் தங்கையை வெளிக்கிடுத்தும் பொறுப்பு, சாப்பிடாமல் ஓடிவருதல். நேரம் தவறாமை வேண்டும். முதற்பாடத்தைத் தினமும் இழப்பவள் ஆண்டு முடிவில் ஒரு பாடத்தையே இழக்கிறாள். ஆனால் வாசலில் மறித்து நிற்பாட்டும் மாணவத் தலைவி, நேரத்தோடு காரணத்தையும் எழுதிவைத்தால் அந்தக் கொப்பியிலிருந்து அதிபர் பலவற்றை அறியலாம்.

உயர்தர வகுப்புகளில் இன்னொரு வெறுமை தெரிகிறது. பரீட்சைக்கு 80 வீத வரவு வேண்டும் என்ற விதி இருந்தும், ரியூசனுக்காகப் பாடசாலையை விடுபவர்கள் கூடிவிட்டார்கள். அங்கே பாடம் கிடைக்கும். மூன்று நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க அங்கு எவருமில்லை. பாடசாலையில் அப்படிக் கேட்கும் ஒரு வகுப்பாசிரியை இருக்கிறார். அது போனால் எஞ்சுவது பரீட்சை மட்டுமே.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் வளைவுக்கும் வர்ணப்பூச்சுக்கும் ஒதுக்கியதுபோக, ஒரு பகுதியை வரவுக்கென்று ஒதுக்குவோம். காலையுணவு, பஸ் கட்டணம், தேவையானவளுக்கு ஒரு துவிச்சக்கர வண்டி, தண்ணீரும் பூட்டும் உள்ள மலசலகூடம், மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குப் போகும் ஓர் ஆசிரியைக்கான செலவு. ஊரிலுள்ளவர்கள் பட்டியலைத் தயாரிக்கலாம். வெளியிலுள்ளவர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையின் ஓராண்டுச் செலவை ஏற்கலாம். அடுத்த தவணை தொடங்குமுன் இதைச் செய்து முடிக்க முடியும்.