வித்தின் பிறப்பிடமும் இறப்பர் மரமும்

கண்டியிலிருந்து குருணாகலுக்குச் செல்லும் நெடுவீதி கலகெதரவைக் கடந்ததும் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கத் தொடங்குகின்றது. ஈரவலயம் மெலிந்து இடைவலயம் தோன்றும் எல்லைப்புறம் இது. வடமேற்கே செல்லச் செல்ல மழை குறையும், கோடை நீளும். அமேசன் காட்டுக்குரிய இறப்பர் மரம் இத்தகைய சரிவுகளில் எங்ஙனம் வேரூன்றியது? மரம் பிரேசில் நாட்டது என்று கூறி அமைதல் போதாது. அந்நாட்டின் எப்பகுதியில் எடுத்த வித்து என்று வினவினாலன்றி இவ்வரலாறு விளங்காது.

ஓரினத்து மரம் பல நூறு மைல் பரந்து வளருமாயின், மழை மிக்க இடத்திற் பிறந்ததும் கோடை நீண்ட இடத்திற் பிறந்ததும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் இயல்பில் வேறுபடக்கூடும். பல தலைமுறையாக வறட்சியிற் பிழைத்த மரங்களின் வித்து அத்தாங்குந் திறனை மரபாகப் பெறும். இக்காலத்து வனவியலார் பலவிடத்து வித்துக்களை ஒரே நிலத்தில் அருகருகே நாட்டிப் பல்லாண்டு அளந்த பின்னரே எவ்வித்து எவ்விடத்துக்கு ஏற்றதெனத் துணிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டத் துரைமாருக்கு அப்பொறுமை இருந்ததில்லை. கப்பலில் வந்த வித்தே வித்து.

சிங்கோனா இதற்கு முதற்சான்று. மலேரியாவுக்கு மருந்தாகிய கொயினா இம்மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. 1860இல் றிச்சார்ட் ஸ்புரூஸ் ஈக்குவடோரின் சிம்பொராசோ மலைச்சரிவிற் சேகரித்த செம்பட்டை வித்துக்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தன. சிங்கோனாவைப் பேணுதற்கென்றே 1861இல் ஹக்கலப் பூங்கா தொடங்கப்பட்டது. செம்பட்டை மரங்கள் செழித்தன. பட்டையிலோ கொயினா குறைவு. 1865இல் சாள்ஸ் லெட்ஜர் பொலிவியாவிலிருந்து அனுப்பிய வேறொரு வித்தைப் பிரித்தானிய அரசு ஏற்கவில்லை. ஒல்லாந்தர் அதில் ஒரு இறாத்தல் அளவு வாங்கிச் சாவகத்தில் நாட்டினர். அம்மரங்களின் பட்டையிற் கொயினா நூற்றுக்குப் பத்தையும் தாண்டியது. கோப்பி அழிந்தபின் சிங்கோனாவை நம்பிய இலங்கைத் தோட்டங்கள், 1880களில் விலை வீழ்ந்ததும், மரங்களை வேரோடு பிடுங்கின. நட்ட கையாலேயே பிடுங்கவும் நேர்ந்தது தமிழ்த் தொழிலாளருக்கு. அப்பொலிவிய வித்தைத் தேடிக்கொடுத்த பழங்குடியினரான மனுவேல் இங்க்ரா மாமானி சிறைப்பட்டு, அடியுண்டு மாண்டார்.

நிற்க. 1876இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப்புறத்திலே பழங்குடி மக்களின் துணைகொண்டு ஏறத்தாழ 70,000 இறப்பர் வித்துக்களைத் திரட்டி, இலண்டனிலுள்ள கியூ பூங்காவிற் சேர்ப்பித்தார். எண்ணெய் மிக்க இவ்வித்து சில வாரங்களிலே முளைதிறன் இழப்பது. முளைத்தவை 2,700 அளவே. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 1,919 நாற்றுக்கள் கண்ணாடிப் பேழைகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அப்போது பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்தவர் துவெயிற்ஸ். ஏறத்தாழ 1,500 அடி உயரத்திலுள்ள பேராதனையினும் வெப்பமும் ஈரமும் மிக்க தாழ்நிலமே ஏற்றதெனக் கருதப்பட்டமையால், கம்பஹாவிலே ஹெனரத்கொடைப் பூங்கா அமைக்கப்பட்டுப் பெரும்பகுதி அங்கே நாட்டப்பட்டது.

அதே ஆண்டில் றொபேட் குறொஸ் என்பவர் பாரா நகரை அண்டிய நிலங்களிலிருந்தும் நாற்றுக்கள் கொணர்ந்தார். வெள்ளம் படியும் சேற்றுநிலமே இம்மரத்துக்கு உரியது என்ற எண்ணம் அவர் அறிக்கையாற் பரவிற்று. விக்கம் அதனை மறுத்தார். தாம் வித்தெடுத்தவை ஆற்றங்கரையை விட்டு உயர்ந்த, நீர் வடியும் மேட்டுநிலத்து மரங்கள் என்று 1908இல் வெளியிட்ட நூலிலும் வற்புறுத்தினார். தம் புகழைத் தாமே பாடிக்கொண்ட அவர் கூறியன யாவற்றையும் நம்புதல் ஆகாது. ஆயினும் இவ்வொன்றில் உண்மை அவர் பக்கமே என்பது என் துணிபு. பாராவில் ஆண்டு மழை 2,800 மில்லிமீற்றருக்கு மேல். ஈரமற்ற மாதம் அங்கு அரிது. தபஜோஸ் ஆறு அமேசனிற் கலக்குமிடத்துச் சந்தாரெமில் மழை ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர். ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை வானம் பெரிதும் வறண்டிருக்கும். சேற்றை வெறுத்து, நீர் வடியும் மலைச்சரிவை இம்மரம் விரும்பியதன் காரணம் இங்கு ஒருவாறு புலனாகின்றது. குறொஸ் கொணர்ந்தவற்றிற் பெரும்பாலன மடிந்தன. ஆசியத் தோட்டங்கள் பெரும்பாலும் விக்கத்தின் வித்துவழி வந்தவையே. இப்பொருத்தம் எவரும் திட்டமிட்டதன்று.

ஒரே தொகுதி வித்தாயினும் மரத்துக்கு மரம் இயல்பு வேறு. ஹெனரத்கொடையின் இரண்டாம் இலக்க மரம் ஐந்தாண்டுக்குக் குறைந்த காலத்தில் 390 இறாத்தலுக்கு மேல் இறப்பர் தந்து உலகப் புகழ் பெற்றது. எனினும் ஒரு சிறு நிலப்பரப்பின் வித்து ஒரு கண்டத்தின் தோட்டங்களையெல்லாம் தாங்கி நிற்றல் அச்சந் தருவதே. ஹென்றி போர்ட் 1928இல் தபஜோஸ் கரையிலேயே பெருந்தோட்டம் அமைத்தபோது, தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் அதனைச் சூறையாடியது. அந்நோய் ஆசியாவுக்கு வருமாயின் எதிர்த்து நிற்கும் மரங்கள் இங்கு மிகச் சிலவே. இக்குறுகிய மரபை விரிக்கும் பொருட்டே 1981இல் பன்னாட்டு ஆய்வாளர் ஏக்கர், றொண்டோனியா, மாத்தோ குரோசோ ஆகிய பிரேசில் மாநிலங்களுக்குச் சென்று 64,000க்கு மேற்பட்ட வித்துக்களைத் திரட்டினர். அவற்றிற் பாதி பிரேசிலிலே தங்க, எஞ்சியவை மலேசியாவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் சென்றன. இவற்றுள் மாத்தோ குரோசோ கோடை நீண்ட நாடு. வறட்சி தாங்கும் மரத்தை அங்கே தேடியது பொருத்தமே.

இலங்கையில் இத்தேட்டம் ஏட்டளவில் நிற்பதன்று. ஈரவலயத்தில் இறப்பருக்குரிய நிலம் சுருங்க, அண்மைப் பத்தாண்டுகளில் மொனராகலையிற் சிறு நிலவுடைமையாளர் இறப்பர் நாட்டி வருகின்றனர். அங்கு நடுவதும் விக்கத்தின் வித்து மரபில் வந்த ஒட்டுக்கன்றே. நீண்ட கோடையிலே இளங்கன்றுக்கு நிழலிட்டு, அடியை வைக்கோலால் மூடிக் காக்கவேண்டும். ஒரு பருவம் பொய்த்தால் மீள நடவேண்டும். பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருக்கும் குடும்பத்துக்கு அது சிறு செலவன்று.