பட்டறைப் படிப்பு!

நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால், சாலையோரப் பட்டறைகளில் வெறும் சேஸிஸ்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் பாடி கட்டும் ஆசாரிகள், பெயின்டர்கள் பலரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பக்கத்தில் நின்று பார்த்தே பழகியவர்கள்.

வெப்சைட் தொழிலும் அப்படித்தான் வளர்ந்தது என்றால் நம்புவீர்களா? 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ தன் இணையதளத்தை உலகுக்குத் திறந்துவிட்டபோது அதற்கென்று படிப்பே கிடையாது! பிரவுசரில் 'வியூ சோர்ஸ்' தட்டி, அடுத்தவர் பக்கத்தை எட்டிப்பார்த்தே ஒரு தலைமுறை தொழில் கற்றது. ஹெச்.டி.எம்.எல். சேஸிஸ் என்றால், 1996-ல் வந்த சி.எஸ்.எஸ். பெயின்ட் வேலை. ஜாவாஸ்கிரிப்ட்தான் ஒயரிங். 1995-ல் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார் (அந்த அவசரத்துக்கு இன்றும் புரோகிராமர்கள் திட்டுகிறார்கள்!).

2005-ல் ஸ்ரீதர் வேம்புவின் அட்வென்ட்நெட் (பின்னாளில் ஜோஹோ) இதே பட்டறை முறையைச் சென்னையில் கையில் எடுத்தது. கட்டணம் இல்லை; மாதாமாதம் உதவித்தொகை வேறு. ஆரம்பத்தில் ஆறே பேர். சொல்லிக்கொடுத்தது கணக்கு, புரோகிராமிங், அப்புறம்... ஆங்கிலம்!

ராசிபுரத்தில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, 'இன்ஜினீயரிங் சேரலியே, நமக்கெதுக்கு கம்ப்யூட்டர்?' என்கிறானே உங்கள் வீட்டுப் பையன், அவனிடம் இதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் எதற்கு என்று கேட்பான். மேடையில் பேச அல்ல. எழுதிய புரோகிராம் ஓடாமல் நிற்கும்போது, எந்த வரியில் கோளாறு என்று கம்ப்யூட்டர் அந்த மொழியில்தானே சொல்கிறது!