குமரிக்கண்ட வரைபடம் உண்மையா? கணினியில் சோதித்துப் பார்ப்போம்

சுங்காயில் நடந்த வார இறுதி வகுப்பு ஒன்றில், படிவம் 1 மாணவி ஒருத்தி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். இந்தியப் பெருங்கடலின் நடுவே பச்சை நிறத்தில் ஒரு பெரிய கண்டம். மலை, ஆறு, தென்மதுரை, கபாடபுரம் எல்லாம் அதில் இருந்தன. “டீச்சர், இது உண்மையா? செஜாரா ஃபோலியோவுல போடலாமா?”

“போடாதே” என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவள் தாத்தா பால் வெட்டிய தோட்டம் இன்று செம்பனைக் காடு. லயம் போய்விட்டது, கோயில் மட்டும் மிச்சம். சொந்த இடத்தின் பெயரே வரைபடத்தில் இல்லாத பிள்ளை, ஒரு கண்டமே நம்முடையது என்று பார்த்தால் சந்தோஷப்படத்தானே செய்யும்? வெறுமனே மறுத்தால் அவள் யூடியூபைத்தான் நம்புவாள். அதனால் படத்தைக் கணினியில் சோதித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அந்த அனுபவத்தை ஆசிரியர்களுக்கும் தேர்வு மாணவர்களுக்கும் இங்கே தருகிறேன்.

இந்தப் படம் எப்படிப் பிறந்தது?

இரண்டு வேறு கதைகள் சேர்ந்து பிறந்தது இது.

முதலாவது, நம் இலக்கிய மரபு. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. முச்சங்க வரலாற்றைச் சொல்லும் இறையனார் அகப்பொருள் உரை, தென்மதுரையும் கபாடபுரமும் கடலில் மூழ்கியதாகக் கூறுகிறது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம், அதில் 49 நாடுகள் என்று கணக்கே தருகிறார். கவனியுங்கள்: இவர்கள் யாரும் ‘கண்டம்’ என்று சொல்லவில்லை, படமும் வரையவில்லை.

இரண்டாவது, ஐரோப்பிய அறிவியல் ஊகம். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளுக்கு இந்தியாவிலும் உறவு இருப்பதைக் கண்டு, இடையில் ஒரு நிலம் மூழ்கியிருக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்கு ‘லெமூரியா’ என்று பெயர் வைத்தார். பிறகு ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹேக்கல், மனித இனமே அங்கே தோன்றியிருக்கலாம் என்றார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழறிஞர்கள் இந்த இரண்டையும் இணைத்தார்கள். கா. அப்பாத்துரையாரின் ‘குமரிக்கண்டம் அல்லது கடல்கொண்ட தென்னாடு’ போன்ற நூல்கள் இந்த எண்ணத்தைப் பரப்பின. ஆட்சியும் பெருமையும் பறிபோன காலனித்துவக் காலம் அது. அவர்கள் ஏன் அப்படித் தேடினார்கள் என்பது நமக்குப் புரியும்.

ஆனால் அறிவியல் நகர்ந்துவிட்டது. 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்களே நகர்கின்றன என்றார். 1960களில் தட்டுப் புவியியல் அதை உறுதிப்படுத்தியது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை. இடையில் கண்டம் மூழ்க வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பிரிவும் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது.

அளந்து பார்த்தால்

முதலில் சாதாரணக் கணக்கு. காதம் அல்லது காவதம் என்பது சுமார் 10 மைல் என்று அகராதிகள் சொல்கின்றன. அப்படியானால் 700 காவதம் 7,000 மைல், அதாவது 11,000 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே தென்துருவம் வரைக்குமே சுமார் 10,900 கிலோமீட்டர்தான்! “டீச்சர், தென்மதுரையில பெங்குவின் இருந்திருக்குமா?” என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பே சிரித்தது. அந்த எண் நில அளவை இல்லை, ‘மிகப் பெரிய நாடு’ என்பதைச் சொல்லும் முறை என்று பிள்ளைகளே புரிந்துகொண்டார்கள்.

கடலை 120 மீட்டர் இறக்கினால்

அடுத்தது கணினி. இதற்கு இரண்டு இலவச வசதிகள் போதும். ஒன்று ஜெப்கோ. இது உலகக் கடல்களின் ஆழத்தைத் தொகுத்துத் தரும் திட்டம், 1903இல் தொடங்கியது. நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் பதிவிறக்கலாம். மற்றொன்று கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. ஆகவே ஜெப்கோ தரவில் −120ஐவிட உயரமான இடங்களையெல்லாம் ‘நிலம்’ என்று நிறமிடச் சொன்னோம்.

திரையில் என்ன தெரிந்தது? இலங்கை இந்தியாவோடு ஒட்டிக்கொண்டது. குமரிமுனைக்குத் தெற்கேயும் கொஞ்ச தூரம் நிலம் நீண்டது. அதற்கப்பால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். கண்டம் எதுவும் இல்லை. ஆக, கடற்கரை நிலம் மூழ்கியது உண்மை. கண்டம் மூழ்கியதற்குச் சான்று இல்லை. பழைய இலக்கியத்தில் இருப்பது கடற்கோள் பற்றிய நினைவாக இருக்கலாம், ஆனால் அதுவும் ஊகம்தான்.

மாணவியின் முகம் வாடிவிட்டது. “படத்தைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்து” என்றேன்.

நம் காலடியில் ஒரு பெருநிலம்

மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம்! இதுதான் படிவம் 1 பாடத்தில் வரும் பெந்தாஸ் சுண்டா. அந்தக் காலத்தில் சுங்காயிலிருந்து மேற்கே நடந்தே சுமத்ரா போயிருக்கலாம். டச்சுப் புவியியலாளர் மோலன்கிராஃப் 1921இல் இங்கே மூழ்கிய ஆறுகளைப் பற்றி எழுதினார். பங்கா, பெலித்தோங் தீவுகளை ஒட்டிய கடலடியில் ஈயம் கிடைப்பதும் பழைய ஆற்றுப் பள்ளங்களில்தான். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச்சுரங்கங்களை அறிந்த பேராக் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம்.

நம் மாநிலத்து லெங்கோங்கில் 1991இல் தோண்டி எடுக்கப்பட்ட பேராக் மனிதர் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். கடல் இன்னும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமானது. மூழ்கிய நிலம் வேண்டுமா? நம்ம ஊர்லயே இருக்கு, சான்றோடு.

அப்படியானால் கற்பனை வரைபடம் வரையக் கூடாதா? தாராளமாக வரையலாம். ஆனால் இயற்கை விதியை மீறக் கூடாது. ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட வேண்டும். கிளையாறுகள் ஒன்றுசேரும், ஒரே ஆறு பிரிவது பெரும்பாலும் கழிமுகத்தில்தான். மலைக்குக் காற்று வீசும் பக்கம் மழை, மறுபக்கம் வறட்சி. மாதிரிக்குத் தித்திவங்சா மலைத்தொடரைப் பாருங்கள். முக்கியமாக, படத்தின் மேலே ‘கற்பனை’ என்று எழுத வேண்டும்.

வகுப்பில் செய்ய

1. கியூஜிஐஎஸில் மூன்று அடுக்குகள் உருவாக்குங்கள்: சான்று உள்ளது, மரபு சொல்வது, கற்பனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

2. வரையும் ஒவ்வொரு கோட்டுக்கும் ‘யார் சொன்னது?’ என்று குறிக்கச் செய்யுங்கள்.

3. கடல் மட்டத்தை −120, −60, −30 என மாற்றி, நீரிணை எப்படி உருவானது என்று காட்டுங்கள். கடலடியில் பிறகு படிந்த மண்ணால் இந்தக் கரைகள் தோராயமானவையே என்பதையும் சொல்லுங்கள்.

4. நான்காவது அடுக்கு: மறைந்த தோட்டம். தாத்தா பாட்டியிடம் கேட்டு லயம், கோயில், ஆயாக்கொட்டாய், பள்ளிக்கூடம் இருந்த இடங்களைக் குறியுங்கள். ‘வாய்மொழிச் சான்று’ என்று எழுதி, பழைய நிழற்படமோ ஆவணமோ கிடைத்தால் சரிபாருங்கள்.

தேர்வு மாணவர்களே, விடை எழுதும்போது ‘இலக்கியம் கூறுகிறது’, ‘ஆய்வு காட்டுகிறது’ என்று பிரித்து எழுதப் பழகுங்கள். குமரிக்கண்டத்தைத் தமிழர் சிந்தனை வரலாற்றில் எழுதலாம். நிலவியல் உண்மையாக எழுத வேண்டாம்.

அந்த மாணவி ஃபோலியோவில் பச்சைக் கண்டத்தைப் போடவில்லை. சுண்டா நிலப் படத்தைப் போட்டாள். அடுத்த பக்கத்தில் தாத்தா சொல்லச் சொல்ல வரைந்த தோட்டத்தின் படம். அதில் ஒரு கிணற்றைச் சுற்றிக் கேள்விக்குறி இருந்தது. “தாத்தா கோயிலுக்குப் பின்னாலன்னு சொல்றாரு, பாட்டி முன்னாலன்னு சொல்றாங்க. இன்னும் உறுதியா தெரியல டீச்சர்,” என்றாள்.