கோணமலைக் கடலும் செவியின் வரலாறும்

திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயம் அமைந்திருக்கும் சுவாமிமலையின் விளிம்பில் நின்று நோக்குவோர்க்கு, கீழே விரியும் கடல் நீலமாகத் தோன்றாது, கருமையாகவே தோன்றும். அதற்குக் காரணம் ஆழமே. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கும் இடத்துக்கு அப்பால், கடலின் அடியிலே பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கிச் சரிந்து செல்கின்றது. பிற இடங்களில் கரையிலிருந்து நெடுந்தொலைவு சென்றே காணவேண்டிய பேராழம், திருக்கோணமலையில் துறைமுகத்தின் வாயிலுக்கு அண்மையிலேயே வந்துவிடுகின்றது. ஆழ்கடலை நாடும் திமிங்கிலங்கள் மலையுச்சியிலிருந்தே கண்ணுக்குப் புலப்படுவது இதனாலேயாம்.

1979 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பின்னர், 1982 முதல் 1984 வரை ‘டூலிப்’ என்னும் சிறு பாய்மரக் கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள் இலங்கையைச் சூழ்ந்த கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். 1984 இல் திருக்கோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலத்தின் பாடல் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. உலகின் பல கடல்களில் வாழும் நீலத் திமிங்கிலங்களின் பாடல்களைப் பின்னர் வகைப்படுத்தியவர்கள், இக்கடலின் பாடலை ஒரு தனி வகையாகவே கொண்டனர்.

அதே கடலில் பெருந்தலையையுடைய ஸ்பேர்ம் திமிங்கிலமும் உண்டு. சூரிய ஒளி எட்டாத ஆழத்தில் அது இரை தேடுகின்றது. கண் பயன்படாத அவ்விருளில், ‘டிக், டிக்’ என்னும் கூரிய ஒலிகளை எழுப்பி, அவை பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டே அது வழியையும் இரையையும் அறிகின்றது. இத்தகைய நுட்பமான கேள்வி எவ்வாறு இயலும்? இவ்வினாவுக்கு விடை காண நூற்றைம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

1851 இல் இத்தாலியரான அல்பொன்சோ கோர்ட்டி, உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்டிருக்கும் குழாயினுள்ளே கேள்விக்குரிய உறுப்பை நுணுக்குக்காட்டியின் துணையால் விவரித்தார். மனிதரின் ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழ 3,500 உள் மயிர்க்கலங்களும் 12,000 வெளி மயிர்க்கலங்களும் அங்கே வரிசையாக அமைந்துள்ளன. அங்கேரி நாட்டில் தொலைபேசித் துறையில் பணியாற்றிய பேக்கேசி என்பார், ஒலி நுழைந்ததும் அச்சுருளின் மென்தகட்டில் ஓர் அலை ஓடுவதைக் கண்டு காட்டினார். அதற்காக 1961 இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. பேக்கேசி ஆராய்ந்தவை இறந்தோரின் செவிகள். அவற்றில் கண்ட அலை அகன்றதாகவும் மந்தமானதாகவும் இருந்தது. உயிருள்ள மனிதனோ, அடுத்தடுத்த இரு சுரங்களையும் பிரித்தறிகின்றான். யுத்த காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காக ராடார் ஆராய்ச்சி செய்த தோமஸ் கோல்ட், 1948 இல் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். செவி வெறுமனே அதிரும் தோல் அன்று. வானொலிப் பெட்டியைப் போலத் தன்னுள் வரும் சிறு அதிர்வைத் தானே பெருக்கிக்கொள்ளும் கருவி அது என்றார். அவ்வாறாயின் செவியிலிருந்தே சில வேளைகளில் ஒலி வெளிவருதல் வேண்டும் என்றும் அவர் துணிந்தார். அக்காலத்தில் அதனைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1978 இல் இலண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் மனிதச் செவியினுள் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்துச் சோதித்தார். உள்ளே செலுத்திய ஒலிக்கு விடைகூறுவது போல, செவி மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பிற்று. கோல்ட் கூறியது மெய்யாயிற்று. 1985 இல் பிரவுனெல் என்பாரும் அவருடைய துணைவரும், தனியே பிரித்தெடுத்த வெளி மயிர்க்கலம் மின்தூண்டலுக்கு ஏற்பச் சுருங்கி நீள்வதை எடுத்துக் காட்டினர். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பீட்டர் டலோஸின் ஆய்வுகூடத்தினர் இவ்வசைவுக்குக் காரணமான புரதத்தைக் கண்டுபிடித்தனர். இசையில் விரைந்த நடையைக் குறிக்கும் ‘பிரெஸ்டோ’ என்னும் சொல்லினின்று ‘பிரெஸ்டின்’ என்று அதற்குப் பெயரிட்டனர். இப்புரதம் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளின் கேள்வி 40 முதல் 60 டெசிபெல் வரை குன்றியது 2002 இல் அறியப்பட்டது.

இதன் பின்னர் நிகழ்ந்ததே பெரும் வியப்பு. 2010 இல் பல்வேறு உயிரினங்களின் பிரெஸ்டினை ஒப்பிட்டபோது, எதிரொலியால் வழியறியும் வௌவாலின் புரதமும், அவ்வாறே வழியறியும் ஓங்கில் முதலிய பல்லுடைத் திமிங்கிலங்களின் புரதமும் ஒரே குடும்பத்தன போல ஒத்திருந்தன. வானில் பறக்கும் ஒன்றும் கடலில் நீந்தும் ஒன்றும், தனித்தனியே வந்த வழிகளில், ஒரே தேவைக்காகச் செவியின் புரதத்தில் ஒரே வகையான மாற்றங்களை அடைந்திருந்தன.

பிரெஸ்டின் மட்டும் செவியை ஆக்கிவிடுவதில்லை. கருவிலே மயிர்க்கலம் தோன்றுவதற்கு ‘அட்டோ-1’ என்னும் புரதம் கட்டளையிடுகின்றது. அஃது இல்லாத எலிக்குஞ்சில் மயிர்க்கலமே உருவாகாமை 1999 இல் தெரியவந்தது. மயிர்க்கலத்தின் நுனிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நூல், இரு வகைக் கடெரின் புரதங்களால் ஆனது. செவி நீரில் பொட்டாசியத்தின் சமநிலையைக் காக்கக் கலத்துக்கும் கலத்துக்கும் இடையே வாயில் அமைப்பது ‘கொனெக்சின் 26’ ஆகும்.

இக்கடைசிப் புரதம் நமது பிராந்தியத்துக்கு நெருங்கிய உறவுடையது. அதன் பரம்பரையலகு பழுதுற்றால் குழந்தை செவிடாகப் பிறக்கலாம் என்பது 1997 இல் அறியப்பட்டது. 2003 இல் பெங்களூர் ஆய்வாளர் பங்குகொண்ட ஆராய்ச்சி ஒன்று, இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது ஒரே பிழை என்று காட்டிற்று. புரதத்தின் 24 ஆவது இடத்தில் அமினோ அமிலம் ஒன்று வரவேண்டியிருக்க, அங்கே முற்றுப்புள்ளி விழுந்து புரதம் பாதியிலேயே நின்றுவிடுகின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற அலகு வந்தால் மட்டுமே குறை வெளிப்படும். எனவே மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் அதன் வாய்ப்பு மிகுகின்றது. எவர் செய்த பாவமும் அன்று. எழுத்துப்பிழை போன்ற ஒரு பிழையே அது.

பிறந்த பின் செவி கெடுவதற்கோ மனிதனே காரணமாகின்றான். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. அத்தகைய பேரொலி மயிர்க்கலங்களை அழிக்கவல்லது. யுத்தம் ஓய்ந்த பின்னும், சட்டம் தடுத்துள்ள வெடிவைத்து மீன்பிடிக்கும் வழக்கம் இக்கரையில் தலைகாட்டியே வந்துள்ளது. நீரினுள் எழும் அவ்வெடி பவளப் பாறையையும் மீன்குஞ்சையும் மட்டுமன்றி, அருகே சுழியோடுவோரின் செவியையும் தாக்கும். மனிதனின் மயிர்க்கலம் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பிறக்கும்போது பெற்றதே ஆயுள் முழுவதற்கும் உரிய முதல்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. கெம்ப் கண்ட அதே மெல்லொலியைக் கொண்டு, பிறந்து சில நாளே ஆன சிசுவின் செவியைச் சில நிமிடங்களில் சோதிக்கலாம். குறை இளமையிலேயே தெரிந்தால், செவிக்கருவியோ உட்செவிப் பதியமோ சைகை மொழியோ கொண்டு அக்குழந்தைக்கு மொழி கிட்டும். காலம் தாழ்ந்தால் மொழி கற்கும் பருவம் கடந்துவிடும். 2024 இல் சாங்காயில், ‘ஒட்டோஃபெர்லின்’ என்னும் புரதம் குறைந்த ஆறு குழந்தைகளுக்கு அதன் பரம்பரையலகு செவியினுள் செலுத்தப்பட்டதில், ஐவர் கேட்கும் திறன் பெற்றனர் என்ற செய்தி வெளியாயிற்று.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அச்செல்வத்தைப் பெறும் வாயில் கண்ணுக்குத் தெரியாத சில புரதங்களால் ஆனது. சுவாமிமலையின் கீழே இருட்கடலில் எதிரொலி கேட்டு நீந்தும் திமிங்கிலத்துக்கும், மலைமேல் ஆலயமணி கேட்டு நிற்கும் குழந்தைக்கும் அவ்வாயில் ஒன்றே. ஒன்றைக் காக்கக் கடலில் வெடியோசை அடங்குதல் வேண்டும். மற்றொன்றைக் காக்கப் பிறந்த சிசுவின் செவியைக் காலத்தே சோதித்தல் வேண்டும்.